டார்க் எல்ஃப்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? 'இருளர்' என்று வைத்துத் தப்பு செய்துவிட்டேன்

கோத்தகிரி_மூடுபனி:

வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் ஆறு பேர் ஒன்றரை வருடமாக ஞாயிறு மதியம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. நான்தான் டி.எம்., அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன். கதை முழுக்கத் தமிழில்தான் ஓடும், ஏனென்றால் குழுவில் இரண்டு பேருக்கு ஆங்கிலத்தில் சொன்னால் பாதி ருசி போய்விடும், எனக்கும் தமிழில் சொல்லும்போதுதான் குரல் ஏறி இறங்குகிறது. அதனால் புத்தகத்தில் வரும் பெயர்களை முடிந்தவரை தமிழாக்கிக்கொள்வேன்.

அடுத்த கதை அண்டர்டார்க்கில் நடக்கிறது. நிலத்துக்கு அடியில் முடிவில்லாமல் போகும் குகைகள், அங்கே ஊர் கட்டி வாழும் ட்ரோ மக்கள், அதாவது டார்க் எல்ஃப்கள். எல்ஃப் என்பது ஐரோப்பியக் கதைகளில் வரும் மாயசக்தி கொண்ட மக்கள். டார்க் என்றால் இருள், அப்படியானால் 'இருளர்' என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதிவிட்டேன். போன ஞாயிறு முன்னுரையை வாசித்தேன். "இருளர்கள் பூமிக்கு அடியில் பதுங்கி வாழும் கொடியவர்கள், சிலந்தித் தெய்வத்துக்கு உயிர்ப்பலி கொடுப்பவர்கள்" என்று வாசித்து முடித்ததும் மேசையில் சத்தமே இல்லை. எங்களோடு ஆடும் தம்பி ஒருவர் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, அது எங்க ஆளுங்க பேரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்லை என்றார், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. ரங்கசாமி மலைக்குப் போய் இருளர் பூசாரி கையால் தீர்த்தம் வாங்கியவன் நான். கண் முன்னால் இருக்கிற மக்களின் பெயரை எடுத்து ஒரு கற்பனைக் கொடுங்கோலர் கூட்டத்துக்கு ஒட்டியிருக்கிறேன்.

சரி, இப்போது எனக்கு உதவி வேண்டும். ட்ரோவுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். அது மட்டும் போதாது, அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படி ஆனார்கள் என்பதையும் திருத்தி எழுத நினைக்கிறேன். ஒரு இனமே பிறவியிலேயே கெட்டது என்று அந்தத் தம்பி முன்னால் இனி என்னால் வாசிக்க முடியாது.

குன்னூர்_பகடை:

தம்பி, நிறுத்தினதும் மன்னிப்புக் கேட்டதும் சரியான வேலை. நான் இருபது வருடமாக ட்ரோ கதைகளோடு வாழ்கிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

டி அண்ட் டியில் ட்ரோ முதலில் தலைகாட்டியது 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற விளையாட்டின் உயிரினக் கையேட்டில், அதுவும் எல்ஃப் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பாக. 1978இல் வந்த சாகசங்களில்தான் எதிரிகளாக முழுதாக வந்தார்கள். ஆக முதலில் அவர்கள் ஒரு மக்கள் கூட்டமே கிடையாது, குகைக் கடைசியில் காத்திருக்கும் எதிரி, அவ்வளவுதான். எதிரிக்குக் குழந்தை உண்டா, அடுப்பில் என்ன வேகிறது என்றெல்லாம் அப்போது யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வைத்தது ட்ரிஸ்ட் என்கிற பாத்திரம். 1988இல் ஒரு நாவலில் துணைப் பாத்திரமாக வந்தான், 1990இல் அவன் பிறந்த ஊரின் கதை தனி நாவலாக வந்தது. மென்சோபெரான்சான் என்ற அந்த நகரம்தான் இன்றைக்கும் ட்ரோ என்றவுடன் எல்லோர் நினைவிலும் வருவது.

அந்த ஊரின் ஏற்பாடு இதுதான். ஆட்சி முழுக்கப் பெண்கள் கையில். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மேட்ரன், அதாவது குலத்தலைவி, முதல் எட்டுக் குலத் தலைவிகள் சேர்ந்ததுதான் ஆளும் சபை. பெண்கள் பூசாரிகள் ஆவார்கள், ஆண்களுக்குக் கிடைப்பது வாளோ மந்திரமோதான். மூன்றாவதாகப் பிறந்து உயிரோடு இருக்கும் ஆண் பிள்ளையைச் சிலந்தித் தெய்வமான லோல்த்துக்குப் பலி கொடுக்க வேண்டும். ட்ரிஸ்ட் அந்த மூன்றாவது பிள்ளை. அவன் பிறக்கும் அதே நேரத்தில் அவனுடைய குலம் இன்னொரு குலத்தின் மேல் படையெடுத்திருக்கிறது, அந்தக் குழப்பத்தில் ஒரு அண்ணன் இன்னொரு அண்ணனைக் குத்திக் கொன்றுவிடுகிறான், கணக்கில் ஒரு ஆள் குறைந்துவிட்டதால் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு குலம் இன்னொரு குலத்தை அழிப்பது குற்றம், ஆனால் குற்றம் சாட்ட அந்தக் குலத்தின் பிரபுக்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றால் அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை. ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை யோசித்துப் பாருங்கள், இது ரத்தத்தில் வருகிற குணமா? பயத்தால் கட்டிய ஆட்சி. அக்கா தம்பியை நம்ப முடியாதபடி பார்த்துக்கொண்டால் தலைவியை எதிர்த்து நாலு பேர் கூட முடியாது.

அவர்கள் பழைய கதையும் அப்படித்தான் இருக்கிறது. லோல்த் முதலில் அரௌஷ்னி என்ற பெயரில் எல்ஃப் தெய்வங்களில் ஒருத்தி, கோரெலோன் என்ற பெரிய தெய்வத்தின் துணைவி. அவனைக் கொல்லச் சதி செய்து பிடிபட்டு, பாதாளத்தில் தள்ளப்பட்டாள். மண்ணுலகில் எல்ஃப் அரசுகள் தங்களுக்குள் நடத்திய நீண்ட போர்களில் தெற்கே இலித்தீர் என்ற டார்க் எல்ஃப் அரசு பெரிய கொடுமைகளைச் செய்தது, அதற்குத் தண்டனையாக மொத்த டார்க் எல்ஃப்களும் சபிக்கப்பட்டு நிலத்துக்கு அடியில் துரத்தப்பட்டார்கள். மொத்த என்பதைக் கவனியுங்கள். அரசன் செய்த பாவத்துக்கு உழுதுகொண்டிருந்தவனும், தொட்டிலில் கிடந்த பிள்ளையும் சேர்ந்து இறங்கினார்கள். என்னைக் கேட்டால் உங்கள் கதை இங்கிருந்து தொடங்க வேண்டும்.

பந்தலூர்_வேட்டை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரை மாற்றுவது நூறு சதவீதம் சரி. ஆனால் ட்ரோவை நல்லவர்களாக்கிவிட்டால் பயம் போய்விடும். இருட்டுக் குகையில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும்போது பின்னால் ஒரு கைவில் இழுபடும் சத்தம் கேட்க வேண்டும், அதற்காகத்தானே கீழே இறங்குகிறோம்?

குன்னூர்_பகடை:

பயம் போகாதுங்க, இன்னும் கூடும். பிறவியிலேயே கெட்டவன் என்றால் அவனை அடித்துவிட்டு மறந்துவிடலாம். விரும்பாமலே கொல்கிறவன், கொல்லாவிட்டால் வீட்டில் அவன் தங்கைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவன் எதிரே நின்றால் ஆடுகிறவர்கள் கை நடுங்கும். விளையாட்டை வெளியிடுகிறவர்களே 2020இல், ட்ரோவையும் ஆர்க் என்ற இன்னொரு கற்பனை இனத்தையும் தீயவர்கள் என்று காட்டிய விதம் உண்மையான மனித இனங்களை இழிவு செய்த விதத்தை நினைவூட்டுகிறது, இனி மாற்றுவோம் என்று அறிவித்தார்கள். 2021இல் வடக்கே பனிப்பிரதேசத்திலும் தெற்கே காட்டுக்குள்ளும் லோல்த்துக்கு அடிமையாகாத ட்ரோ மக்கள் இருப்பதாகவும் கதைகள் வந்துவிட்டன. அதற்கு முன்பே ஐலிஸ்ட்ரேயி இருக்கிறாள், லோல்த்தின் மகள், நிலா வெளிச்சத்தில் வாளேந்தி ஆடும் தெய்வம். அவளை வணங்கும் ட்ரோக்கள் இரவில் மேலே வந்து ஆடுவார்கள். கொடுமையும் இருக்கட்டும், அதிலிருந்து தப்பி ஓடுகிறவர்களும் இருக்கட்டும்.

ஊட்டி_காளான்:

நான் டி அண்ட் டி ஆடியதில்லை, பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் திரியைப் படித்ததும் ஒரே கேள்விதான் மனதில் வந்தது. இவ்வளவு பேர் நிலத்துக்கு அடியில் எதைச் சாப்பிடுகிறார்கள்? ஊட்டியில் மொட்டுக்காளான் வளர்க்கிறவன் என்பதால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மகள் சொன்னாள், அந்த ஊரில் ஒரு ஏரி, நடுவில் தீவு, தீவில் ரோத்தே என்ற மாடு மாதிரிப் பிராணிகள், பக்கத்தில் காளான் தோட்டம் என்று.

காளான் வெளிச்சம் இல்லாமல் வளரும், உண்மைதான், ஆனால் காளான் தானாகச் சோறு பொங்கிக்கொள்ளாது. செடி வெயிலில் சமைத்ததைத்தான் அது தின்கிறது. நாங்கள் வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் எல்லாம் கலந்து நொதிக்க வைத்துக் கம்போஸ்ட் போடுகிறோம், அதில் காளான் விதையைக் கலந்து 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் வெள்ளைப் பூசணம் பரவும், அப்புறம் மேல்மண் போட்டு 14லிருந்து 18 டிகிரிக்குக் குளிர வைத்தால் மொட்டு வரும். ஊட்டியில் அந்தக் குளிர் பெரும்பாலும் சும்மா கிடைக்கிறது. வைக்கோல் மட்டும் கீழே இருந்து லாரி ஏறி வர வேண்டும். உங்கள் பாதாள ஊருக்கு வைக்கோல் எங்கிருந்து வரும்? மாடு காளானைத் தின்று, காளான் மாட்டுச் சாணத்தைத் தின்று என்று சுற்றிக்கொண்டே இருக்க முடியாது, ஒவ்வொரு சுற்றிலும் சத்து குறையும், வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தே ஆக வேண்டும்.

ருமேனியாவில் மொவிலே என்று ஒரு குகை, 1986இல் கண்டுபிடித்தார்கள், பல லட்சம் வருடம் மூடிக்கிடந்த இடம். அங்கே கந்தகத்தை எரித்துச் சாப்பாடு செய்யும் பாக்டீரியாவை நம்பி ஒரு தனி உயிர்க்கூட்டமே வாழ்கிறது, ஆனால் எல்லாம் பூச்சியும் புழுவும் மாதிரிச் சின்ன உயிர்கள்தான். ஒரு நகரம் சாப்பிட அது போதாது. வவ்வால் எச்சம் இன்னொரு வழி, மேலே தின்றுவிட்டுக் கீழே கொண்டுவந்து போடும். இல்லையென்றால் மேலே ஏறிப் போய் எடுத்துவர வேண்டும். எனக்கு இதுதான் உங்கள் கதைக்குத் தோன்றியது. அவர்கள் மேலே வந்து கிராமங்களைத் தாக்குவது கொழுப்பெடுத்து இல்லை, கீழே விளைச்சல் பற்றவில்லை. அல்லது ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு மலைக்கிராமத்தோடு பண்டமாற்று நடக்கிறது, வைக்கோலுக்கு ஈடாக இவர்கள் இரும்பு தருகிறார்கள்.

இன்னொன்று, காற்று. அறையில் கரியமில வாயு கூடினால் காளான் தண்டு நீண்டு தலை சிறுத்துப்போகும். காலையில் கதவைத் திறந்ததும் அதைப் பார்த்தே ராத்திரி காற்றோட்டம் சரியாக இருந்ததா என்று சொல்லிவிடலாம். உங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி காளானின் கழுத்தைப் பார்த்து "கிழக்குக் குகைவாய் அடைந்திருக்கிறது" என்று சொன்னால் நான் நம்புவேன்.

கோத்தகிரி_மூடுபனி:

ஐயா, இது தங்கம். வைக்கோல் பண்டமாற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய நிறத்தை என்ன செய்வது? புத்தகத்தில் கரிய தோல், வெள்ளை முடி. சாபத்தால் கறுத்தார்கள் என்று வருகிற இடம் எனக்கு உறுத்துகிறது. கறுப்பைத் தண்டனை என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

பந்தலூர்_வேட்டை:

இதில் நான் உங்கள் பக்கம். குகையில் வாழ்கிறவை வெளுத்துப்போகும் என்பது பொது விதி, கோட்டயம் பக்கம் கிணறுகளில் கிடைக்கும் குருட்டுக் கெளுத்தி அப்படித்தான். ஆனால் மண்ணுக்குள் வாழும் எல்லாமே வெளுப்பது இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது, மழைக்கு மட்டும் சில நாள் மேலே வரும், உடம்பு முழுக்கக் கருநீலம். அதை 2003இல்தான் அறிவியல் உலகம் அடையாளம் கண்டது, 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அதன் சொந்தக்கார இனம் ஒன்றையும் கண்டார்கள். தோட்டத்தில் கொத்தும்போது வருகிற மண்பாம்பும் பளபளவென்று கருமைதான். ஆக உங்கள் மக்கள் கறுப்பாகவே இருக்கட்டும், அழகான கறுப்பாக, சாபம் என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

பெருமாள்மலை_அக்கா:

தம்பி, தாமதமாக வருகிறேன், கொடைக்கானலில் மூன்று நாளாக மழை, கரண்ட் இல்லை.

பெயரில் இருந்து வருகிறேன். ட்ரோ என்ற சொல்லே சும்மா செய்தது இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் ட்ரோவ் என்று ஒரு குட்டி மக்களைப் பற்றிக் கதை சொல்வார்கள், ட்ரோ என்றும் அதைச் சொல்வது உண்டு. மண்மேடுகளுக்கு உள்ளே வாழ்வார்கள், ராத்திரியில்தான் வெளியே வருவார்கள், விடிந்துவிட்டால் மறுபடி பொழுது சாயும்வரை உள்ளே போக முடியாது. பாட்டு என்றால் உயிர். ஃபிடில் வாசிக்கிறவர்களை மேட்டுக்குள் கூட்டிப்போய் வாசிக்க வைப்பார்கள், ஒரு ராத்திரி வாசித்ததாக நினைத்து வெளியே வந்தால் வருடக்கணக்கில் காலம் போயிருக்கும். அதற்கு வெகு முன்னால், 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்பவர் எழுதிய எட்டா என்ற புராண நூலில் ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகு, இருள் எல்ஃப்கள் பூமிக்குள் வாழ்கிறவர்கள், கீலைவிடக் கறுப்பு என்று வருகிறது. நிறத்தையும் குணத்தையும் சேர்த்து முடிச்சுப்போடுவது அவ்வளவு பழைய பழக்கம்.

அந்த மேட்டைப் படித்தபோது எனக்கு எங்கள் மலையின் கற்திட்டைகள்தான் ஞாபகம் வந்தன. தாண்டிக்குடி பக்கம் போனால் பார்க்கலாம், நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடியிருக்கும். பழங்காலத்து ஈமச்சின்னங்கள். 1928இலேயே ஆங்லேட், நியூட்டன் என்று இரண்டு பேர் பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றித் தொல்லியல் துறைக்காகத் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தக் கல்வீடுகளைக் குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று சொல்வது வழக்கம். ஷெட்லாந்துக்காரனும் நாமும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறோம், மண்ணுக்குள் வாசல் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்க வேண்டும்.

நீங்கள் நீலகிரியில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் இருட்டில் வாழ்கிற மந்திரக்காரர்கள் என்று ஒரு மக்களைப் பார்த்துப் பயப்படுவது கதையோடு நிற்பது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் மலையிலேயே குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று சந்தேகப்பட்டுக் குடும்பம் குடும்பமாகக் கொன்றிருக்கிறார்கள், ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இருக்கிறது. அந்த மக்கள் மருந்து தெரிந்தவர்கள், பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவர்கள், கோத்தகிரிக்குப் பக்கத்தில் வெள்ளரிக்கொம்பையில் எழுத்துப்பாறை ஓவியத்தைக் காத்து வருகிறவர்கள். அந்தத் தம்பி பகடையைக் கீழே வைத்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சரி, பெயர். நிறத்தை வைத்துப் பெயர் வேண்டாம், இருட்டை வைத்தும் வேண்டாம். இடத்தை வைத்து வையுங்கள். நமக்குப் 'பிலம்' என்று அருமையான சொல் இருக்கிறது, நிலத்துக்குள் போகும் குகை. பெரும்பாணாற்றுப்படைக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் ஒரு கதை வரும், நாகப்பட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியாக நாகலோகம் போய் அங்கே நாகர் பெண்ணைச் சேர்ந்தான், பிறந்த பிள்ளைக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டார்கள், அவன்தான் தொண்டைமான் இளந்திரையன் என்று. கம்பனில் கிட்கிந்தா காண்டத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்றே ஒரு படலம் இருக்கிறது. சீதையைத் தேடிப் போன வானரங்கள் ஒரு பிலத்துக்குள் நுழைந்து, கண் தெரியாத இருட்டில் அனுமன் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், உள்ளே போனால் ஒரு பொன்னகரம், சுயம்பிரபை என்ற பெண் ஒருத்தி மட்டும் தவம் செய்துகொண்டு தனியாக. நிலத்துக்கு அடியில் நகரம், அதில் ஒரு பெண், எல்லாம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. என் யோசனை 'பிலத்தார்'. ஒருமையில் பிலத்தான், பிலத்தாள். அண்டர்டார்க்குக்குப் 'பெரும்பிலம்'.

குன்னூர்_பகடை:

பிலத்தார்! அக்கா, இருபது வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி, இன்னும் ஒன்று, விட்டுவிடாதீர்கள். சூரியன் இல்லாத ஊரில் நேரம் எப்படித் தெரியும்? மென்சோபெரான்சானில் நார்போன்டெல் என்று ஒரு பிரம்மாண்டமான கல்தூண். ஒவ்வொரு நாளும் நகரத்தின் தலைமை மந்திரவாதி அதன் அடியில் சூட்டை ஏற்றுவார், சூடு மெல்ல மெல்லத் தூணில் மேலே ஏறும். ட்ரோக்களுக்குச் சூட்டைக் கண்ணால் பார்க்கும் சக்தி உண்டு, அதனால் தூண் எவ்வளவு உயரம் ஒளிர்கிறது என்று பார்த்து நேரம் சொல்வார்கள். தூண் முழுக்க இருண்டு கிடக்கும் நேரம்தான் அவர்களுக்கு நள்ளிரவு.

ஊட்டி_காளான்:

தோடர்கள் இறந்தவர்கள் போய்ச் சேரும் உலகம் மேற்கே இருக்கிறது என்பார்கள், ஓன் என்ற தெய்வம் ஆள்கிற இடம். நமக்கு இங்கே இருட்டும்போது சூரியன் அங்கே போகிறதாம். அங்கேயும் இதே சூரியன்தான். உங்கள் பிலத்தார் கதையில் ஒரு பாட்டி பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது சொல்லலாமே, தூணில் ஏறும் சூடு மேலே இருக்கிற சூரியன் அனுப்புவது என்று.

கோத்தகிரி_மூடுபனி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு. பழைய முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தத் தம்பியை மட்டும் வரச்சொல்லி இந்தத் திரியை முழுதும் வாசித்துக் காட்டினேன். பிலத்தார் என்ற பெயர் அவருக்குப் பிடித்திருக்கிறது. குறும்பர் பற்றி அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் அவர் பாட்டி சொன்ன சில விஷயங்களைச் சொன்னார், அவை அவருடையவை என்பதால் இங்கே எழுதவில்லை.

தூண் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மணிக்கணக்கு வேண்டாம் அண்ணா, நாழிகையாக வையுங்கள் என்றார். ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60, ஆகவே தூணில் 60 கோடு. பெயர் நாழிகைத்தூண். தன் பழைய பாத்திரத்தை ஓய்வில் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பிலத்தாளை ஆடப்போகிறார், தூணின் கோடுகளைத் தேய்ந்துபோகாமல் செதுக்கிக் காக்கிற குடும்பத்துப் பெண், குலத்தலைவிகள் யாருக்கும் வேண்டாதவள். முதல் ஆட்டத்தில் சூடு 41ஆம் கோட்டில் நின்றுவிடுகிறது, மேலே ஏறவில்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும், வைக்கோல் வண்டி வருகிற குகைவாய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஊட்டி ஐயா, ஒரே ஒரு கேள்வி. காற்று அடைந்தால் காளான் கழுத்து நீளும் என்றீர்களே, எத்தனை நாளில் கண்ணுக்குத் தெரியும்?

ஊட்டி_காளான்:

நாள் கணக்கு தேவையில்லை தம்பி. மொட்டு விரியும் பருவத்தில் ஒரு ராத்திரி அடைத்துவைத்தாலே காலையில் வித்தியாசம் பிடிபடும், பழகின கண்ணுக்கு. 41ஆம் கோட்டில் தூண் நின்ற மறுநாள் காலையே அந்தக் கிழவியைத் தோட்டத்துக்கு அனுப்பிவையுங்கள்.